அறுக்கட்டுமா?

கோட்டுப் பைக்குள் கைவிட்டபோது கத்தி திறந்திருந்தது.

விரலைக் கிழிக்கவில்லை. அலகின் முதுகுதான் பட்டது. கூர்ப்பக்கம் வெளித்துணியைப் பார்த்துத் திரும்பியிருந்தது, உள்ளே வரப்போகும் கைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று யாரோ பார்த்துப் பார்த்து வைத்ததுபோல. அவள் அதை மெல்ல வெளியே எடுத்து, பரிசோதனைக் கூடத்தின் வெள்ளை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள்.

உள்ளங்கை நீள மடக்குக் கத்தி. கறுப்புப் பிடி. அலகின் முன்பாதி வழுவழுவென்ற கூர்; பிடியை ஒட்டிய பாதியில் ரம்பப் பற்கள். விரித்தால் உள்ளே ஒரு பூட்டு 'டக்' என்று விழும். பிடிக்குள் இருக்கும் மெல்லிய எஃகுத் தகட்டைக் கட்டைவிரலால் ஒதுக்கினால்தான் மறுபடி மடங்கும். தானாகத் திறந்துகொள்கிற பொருள் அல்ல. அச்சுத் திருகாணியைத் தொட்டுப் பார்த்தாள், இறுக்கமாக இருந்தது. மடக்கி, நாலைந்து முறை வேகமாக உதறினாள். திறக்கவில்லை. நான்தான் மடக்க மறந்திருப்பேன் என்று முடிவுகட்டிக்கொண்டு, குளிர்பெட்டிகளின் நாடாவை அறுக்க ஆரம்பித்தாள்.

வேலை அப்படிப்பட்டது. கிணறு, குழாய், ஏரி என்று எங்கெங்கிருந்தோ வரும் தண்ணீர்ப் புட்டிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, மூடி திறந்து, மோந்து, கலங்கலைப் பார்த்து, சோதனைக்குப் பிரித்து வைக்க வேண்டும். நாடா, பிளாஸ்டிக் கட்டு, முத்திரைக் கயிறு என்று அறுக்க ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். முன்பெல்லாம் கத்தரிக்கோலைத் தேடி மேசை மேசையாக அலைவாள். அண்ணன் போன பிறகு, அவன் பொருட்களோடு திரும்பி வந்த அவனுடைய கத்தியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். பென்சில் சீவ, துப்பட்டாவில் பிரிந்து தொங்கும் நூலை நறுக்க, மாலையில் அம்மாவுக்கு ஆப்பிள் வெட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். பெண்பிள்ளைக்குப் பையில் கத்தி எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. பயத்துக்காக இல்லை. நடக்கும்போது அதன் கனம் தொடையில் தட்டும். பள்ளிக்குப் போகிற வயதில் அண்ணனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்ததுபோல இருக்கும். இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. யார் என்ன கேட்டாலும் ஒரு 'ம்' கொட்டிவிட்டுப் போய்விடுவாள்.

ஊமைக்கோட்டான் என்பதைச் சுருக்கி அண்ணன் அவளைக் கோட்டான் என்றே கூப்பிடுவான். "மொத்தத் தமிழ்ல நம்ம கோட்டானுக்கு ஒரே ஒரு எழுத்துதான் தெரியும்மா. மீதி இருநூத்துச் சொச்சமும் வேஸ்ட்டு."

"ம்," என்பாள் அவள். அம்மா சிரித்துச் சிரித்து இருமுவாள். அப்போது அது வெறும் இருமல்தான்.

அன்று மாலைப் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மழைக்கு முந்தைய காற்று, டீசல் புகை, ஈரக் குடைகளின் ரப்பர் வாசனை, தகரம் அதிரும் ஓசை எல்லாம் சேர்ந்து அவளைத் தாலாட்டின. கண் சொக்கியது. காதுக்கு மிக அருகில் யாரோ ஏதோ கேட்டார்கள். சொல் பிடிபடவில்லை; கேள்வி முடிகிற இடத்தில் குரல் ஏறுமே, அந்த ஏற்றம் மட்டும் கேட்டது. தள்ளி உட்காரச் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

"ம்," என்றாள், கண்ணைத் திறக்காமல்.

மார்பின் குறுக்கே ஏதோ தளர்ந்தது. இறுக்கம் விலகி மூச்சு ஆழமாக இறங்கியது. அந்தச் சுகத்தில்தான் விழித்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. தோளிலிருந்து குறுக்காக மாட்டியிருந்த பையின் வார் அறுந்து இரண்டு பக்கமும் தொங்கியது.

நடத்துநர் வந்து எட்டிப் பார்த்தார். "பிளேடு போட்டுட்டான் போலயே! என்னம்மா போச்சு?"

அவள் பையைத் துழாவினாள். பணம், செல்போன், சாப்பாட்டு டப்பா எல்லாம் இருந்தன. தலையை ஆட்டினாள்.

"ஒண்ணும் போகலியா? அப்ப திருடனுக்கே உன் பையைப் பார்த்துப் பாவமா இருந்திருக்கும்."

முன்னிருக்கையில் யாரோ சிரித்தார்கள். அவள் வாரின் அறுந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளிலிருந்து கீழ்நோக்கிச் சாய்வான வெட்டு. பாதி தூரம் வழுவழுப்பாக. மீதி பிசிறு பிசிறாக, பல் பட்டதுபோல.

மடியில் மடித்து வைத்திருந்த கோட்டுக்குள் கத்தி திறந்திருந்தது.

வீட்டில் நுழையும்போதே ஆக்சிஜன் மெஷினின் சத்தம் வந்து அழைக்கும். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு, டொக்கென்று ஒரு தட்டு, மறுபடி பெருமூச்சு. கூடத்து மூலையில் நிற்கும் அந்தப் பெட்டியிலிருந்து நீளமான தெளிந்த குழாய் தரையில் வளைந்து வளைந்து ஓடி, அறைக்குள் போய், கட்டிலேறி, அம்மாவின் இரண்டு காதுகளையும் சுற்றி மூக்கில் முடியும். அண்ணன் இறந்த பிறகுதான் அம்மாவின் நுரையீரல் இவ்வளவு மோசமானது. இனி ஒருவருக்கு மற்றவர்தான் துணை. அலுவலகத்திலிருந்து வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்து, அது ஓடுகிறது என்று உறுதியான பிறகுதான் அவளுக்கே மூச்சு வரும்.

"கட்டிப் போட்ட மாடு மாதிரி இருக்கேன்டி," என்றாள் அம்மா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நின்றாள். "இந்தக் கயிறு... எதுவரைக்கும் விடுதோ... அதுவரைக்கும்தான் மேய்ச்சல்."

"பேசாதம்மா. மூச்சு வாங்குது பாரு. நான் கேட்டா ம்-னு சொன்னாப் போதும்."

"ஒரு வீட்டுக்கு... ஒரு கோட்டான் போதாதா?"

அவள் ஆப்பிளை வேறு கத்தியால் வெட்டினாள். அம்மா அதைக் கவனித்தாள்.

அடுத்த விடுமுறை நாளில் துணி துவைத்துக் கொல்லைக் கொடியில் போட்டுவிட்டு, சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டிருந்ததால் வேறெதுவும் தெளிவாகக் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு கேள்வி. அதே ஏற்றம். அம்மாதான் ஏதோ கேட்கிறாள்.

"ம்," என்றாள்.

கொல்லையில் சொத்தென்று ஈரத்துணி விழும் ஓசை.

"என்னம்மா வேணும்?" என்று கையைத் துடைத்துக்கொண்டு அறைக்கு ஓடினாள்.

அம்மா ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாள். "நான் எங்கடி... கூப்பிட்டேன்?"

கொடிக்கயிறு சாய்வாக அறுந்திருந்தது. வெள்ளைத் துணிகளெல்லாம் சேற்றில் கிடந்தன. சமையலறை அலமாரியில் அவள் மடக்கி வைத்த கத்தி, மடங்காமல் இருந்தது. அலகு சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. அதில் ஈரத்தின் மணம் இருந்தது. குழாய்த் தண்ணீர் இல்லை. பாசி.

விபத்து மீட்பு வண்டியின் ஓட்டுநர் மாதாமாதம் வருவார். அண்ணனோடு ஒன்றாக வேலை பார்த்தவர். மின்சாரம் போனால் மாட்டுவதற்கு ஒரு சிலிண்டரைத் தோளில் தூக்கிவந்து இறக்கிவிட்டு, "இதைத் தூக்கி வர்றதுக்குள்ள எனக்கே ஒண்ணு மாட்டணும்போல," என்று சொல்லிக் கூடத்து நாற்காலியில் சாய்வார். அவர் சொல்லச் சொல்ல அவள் ம் கொட்டுவாள். ஆனால் அன்று அவளே பேசினாள்.

"அண்ணன் சீட் பெல்ட்ட அறுக்கும்போது... எப்படி அறுப்பான்?"

ஓட்டுநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடேங்கப்பா, தங்கச்சி வாய்லேர்ந்து முழுசா ஒரு கேள்வி! எப்படின்னா... தோள்லேர்ந்து கீழே சாய்ச்சும்மா. நேரா வெச்சா வழுக்கும். ஆனா லேசுல கத்தியை விரிக்க மாட்டான். முதல்ல கேப்பான். 'அறுக்கட்டுமா?'ன்னு."

"யார்கிட்ட?"

"மாட்டிக்கிட்டவங்ககிட்டதான். அவங்களே பயந்து போய்க் கிடப்பாங்க, மூஞ்சிக்கு நேரா திடீர்னு கத்தியைக் கொண்டு போனா துள்ளிடுவாங்க இல்ல? அதனால அவங்க ஒரு 'ம்' சொல்லணும். அது வந்தாத்தான் டக்குனு விரிப்பான். நாங்க வெளியேருந்து கத்துவோம், டேய் சீக்கிரம்டா, பெட்ரோல் ஒழுகுதுடான்னு. ஊஹூம். யார் சொன்னாலும் கேக்க மாட்டான். மாட்டிக்கிட்டவங்க சொல்லணும்."

"அன்னிக்கு?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். மெஷின் ஒரு முறை பெருமூச்சு விட்டது.

"பாலத்துக் கைப்பிடியை உடைச்சிட்டுக் கார் பாதி தொங்குது. பின்சீட்டுல வயசான ஒரு அம்மா. நினைவு இருந்துச்சா இல்லையான்னே தெரியல. இவன் உள்ளே போயிட்டான். கேக்கறான். பதில் இல்ல. மறுபடி கேக்கறான். வடத்தைப் பிடிச்சுக்கிட்டு நான் வெளியே நிக்கறேன், எனக்குக் கேக்குது. அறுக்கட்டுமா, அறுக்கட்டுமாம்மா..." அவள் வைத்த டீயை எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தார். "வண்டி தண்ணிக்குள்ள போற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தான்மா."

"ம்," என்றது ஒரு குரல் அறைக்குள்ளிருந்து.

"ஐயய்யோ, அம்மா முழிச்சுட்டாங்களா? இதெல்லாம் காதுல விழக் கூடாதுன்னு..."

அவர் முடிப்பதற்குள் அவள் அறைக்குள் போயிருந்தாள்.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். கொசுவலை அறுந்து மொத்தமாக அவள்மேல் விழுந்து, முகத்தின் மேடுபள்ளங்களோடு படிந்து கிடந்தது. மூச்சுக்கு மூச்சு வாயருகே வலை குழிந்து எழும்பியது. நாலு மூலைக் கயிறுகளும் ஆணிகளில் அரையரை முழம் தொங்கின.

ஓட்டுநரும் அவளுமாக வலையை எடுத்தார்கள். "கயிறு இத்துப்போச்சு, வேற ஒண்ணுமில்ல," என்றார் அவர். சொல்லிக்கொண்டே ஒரு கயிற்றின் நுனியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். சாய்வு. பிறகு பிசிறு. விரல் அங்கேயே நின்றுவிட்டது. அப்புறம் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டீ ஆறிப்போய் அப்படியே இருந்தது. வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும் தணிந்த குரலில் சொன்னார்: "அந்தக் கத்தியை எங்கயாவது போட்டுடும்மா."

போட அவளால் முடியவில்லை. போட்டால் அவனையே போட்டதுபோல. கம்பளித் துணியில் சுற்றி, இரும்பு அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். அன்றிலிருந்து நாக்கைக் கடித்துக்கொண்டு வாழ்ந்தாள். பதிலெல்லாம் முழுச் சொல்லாக வந்தது. "சரிங்க." "ஆமாங்க." "வெச்சாச்சுங்க." பரிசோதனைக் கூடத்தின் தலைமை அதிகாரி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "என்னம்மா, ஒரே பேச்சா இருக்கு? உடம்பு சரியில்லையா?"

அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அதுதான் வேதனை. அவன் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் இல்லை. தண்ணீருக்கடியில் ஒரு பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தவன். இப்போது எந்த 'ம்' காதில் விழுந்தாலும் பாய்ந்து வருகிறான். அவன் கண்ணுக்குக் கட்டியிருப்பதெல்லாம் மாட்டிக்கொண்டவை. பை வாரில் தங்கை. கொடியில் துணி. கொசுவலைக்குள் அம்மா.

முகத்தைச் சுற்றி வார் கட்டிய அம்மா.

"அம்மா, இனிமே ம்-னு சொல்லாத."

"நீதான... அது போதும்னே?"

"இப்ப வேண்டாம். வாயைத் திறந்து சரின்னு சொல்லு, வேண்டாம்னு சொல்லு. தூக்கம் வந்தா என்கிட்ட சொல்லு, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

அம்மா அவள் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அவன் வர்றானா?"

அவள் அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டாள். உதட்டைக் கடித்திருந்தாள்.

"எனக்குக் கேக்கல," என்றாள் அம்மா. "கேக்குமான்னுதான்... காதை வெச்சுக்கிட்டே படுத்திருக்கேன்." கண்ணோரத்திலிருந்து நீர் இறங்கிக் குழாயின் கீழே தேங்கியது. "என்ன கேக்கறான்டி... எம்புள்ள?"

"ஒண்ணும் கேக்கல. எனக்கு நீ ஒருத்திதாம்மா இருக்க. தூங்காத."

தூங்காமல் எவ்வளவு நேரம் இருக்க முடியும்?

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை. விளக்குப் போடும் நேரம் ஆகவில்லை. அதற்குள் மூலைகளெல்லாம் கறுத்துவிட்டன. கூரைத் தகரத்தில் மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் இமைகள் மூடின. அவள் கட்டிலோரமாக உட்கார்ந்து, குழாயை இடக்கையில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே காற்று ஓடுவது சன்னமான குளிர்ச்சியாகத் தோலுக்குத் தெரிந்தது. அது ஓடுகிறவரை பயமில்லை. மெஷின் பெருமூச்சு விட்டது. தட்டியது. பெருமூச்சு விட்டது.

டக்.

மெஷினின் தட்டு அல்ல. அதைவிடச் சிறியது. கூர்மையானது. இரும்பு அலமாரிக்குள்ளிருந்து வந்தது.

கழுத்தில் சாவியைத் தொட்டாள். இருந்தது. அலமாரிக் கதவு சாத்தியே இருந்தது. தரையில் மட்டும் கதவின் கீழிருந்து கட்டிலை நோக்கி ஏதோ கருமையாகப் பரவிக்கொண்டிருந்தது. வாடை வந்தது. எந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று மூடி திறந்ததும் சொல்லிவிடும் மூக்கு அவளுடையது. ஆறு. அடிச்சேறு. அழுகிய பாசி. அதன்மேல் மெல்லிய படலமாகப் பெட்ரோல்.

கட்டிலின் மறுபக்கத்தில் மெத்தை அமுங்கியது.

"அறுக்கட்டுமா?"

அதே குரல். அவசரமில்லாத குரல். காயம் பட்டவர்களிடம் பேசும்போது அவனுக்கு வருமே, அந்த மெதுவான குரல்.

"வேண்டாம்ணா," என்றாள் அவள். "அம்மா மாட்டிக்கல. அது மருந்துண்ணா. அது இல்லேன்னா..."

அவன் கேட்டது அவளை அல்ல.

"அறுக்கட்டுமாம்மா?"

அம்மாவின் இமைகள் அசைந்தன. திறந்தன. பார்வை மகள்மேல் விழவில்லை. அவளைத் தாண்டி, கட்டிலின் மறுபக்கத்தில் போய் நின்றது. அந்த முகத்தில் இத்தனை மாதமாக இல்லாத வெளிச்சம்.

"அம்மா. என்னைப் பாரு. வேண்டாம்னு சொல்லு. அம்மா."

கண் திரும்பவில்லை.

"சொல்லும்மா! வேண்டாம்னு..."

அம்மாவின் நெஞ்சு மெல்ல நிறைந்தது. சொல்லப் போகிறாள். அவள் பாய்ந்து வலக்கையால் அம்மாவின் வாயைப் பொத்தினாள். உதடுகளை உதடுகளோடு சேர்த்து அழுத்தினாள். ஒரு சொல் வரக் கூடாது. ஓர் எழுத்துகூட.

சேர்ந்த உதடுகள்.

மூடிய வாய்.

அந்த எழுத்துக்கு வேறெதுவும் தேவையில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையை எடுக்க நினைத்தாள்.

உள்ளங்கை அதிர்ந்தது.

ம்.

இடக்கையில் குழாயின் குளிர்ச்சி நின்றது. இறுக்கிப் பிடித்திருந்த சுற்று தானே தளர்ந்து மடியில் விழுந்தது. நுனி சாய்வாக இருந்தது. கூடத்தில் மெஷின் யாருக்கும் இல்லாமல் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அம்மாவின் இரண்டு கைகளும் போர்வைக்குள்ளிருந்து எழுந்தன. மெதுவாக, கூச்சத்தோடு, தன்னைத் தூக்குகிறவரின் கழுத்தைக் கட்டிக்கொள்வதுபோல வெற்றிடத்தில் வளைந்து, ஏதோ ஒன்றின் பின்னால் போய் விரல்கள் கோத்துக்கொண்டன. முழங்கை வழியாகச் சேற்று நீர் வழிந்தது. தலை தலையணையை விட்டு எழுந்தது. பொத்திய கையை விட்டு அந்த முகம், சிரித்துக்கொண்டே, மேலே போனது.

அம்மாவின் முதுகுக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு கை நுழைகிற அளவுக்கு இடைவெளி விழுந்தது. அது அகன்றுகொண்டே இருந்தது.